ஓடைத் தெய்வத்து மேல ஒரு பிராது

உமுவேனா,
9 பிப்ரவரி 1961

தங்கச்சி நுவமாகாவுக்கு,

உன் புருஷன் ஒனுவோராவோட பங்காளி அகூனே சொல்லச் சொல்ல எழுதுற கடுதாசி. நாங்க இங்க சொகம். நீயும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்களும் ஓனிச்சாவுல நல்லா இருக்கணும்னு கேட்டுக்கிறேன். நீ அங்க ஆத்தோரச் சந்தையில காராமணி வடை சுட்டு விக்கிறதா கேள்விப்பட்டேன். உன் கை ருசிக்குக் கூட்டம் நிக்கும், எனக்குத் தெரியும்.

எழுதுறது தையல்காரி ஃபெலீசியா. வெளியூர்ல இருந்து வந்து மிஷன் பக்கத்துல கடை போட்டிருக்கா. நான் சொல்றதை ஒரு வார்த்தை மாத்தாம எழுதணும்னு பேச்சு. "சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வா பெரியவரே"ங்கிறா. அதையும் எழுதுன்னுட்டேன்.

என்கிட்ட ஒரு கோணக்கொம்பு ஆடு இருக்கு. போன மாசம் அது இவ கடைக்குள்ள பூந்து, கல்யாணப் பொண்ணு சட்டையில ஒரு கையைத் தின்னுடுச்சு. மறுநாள் கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்க வந்து, "என்னம்மா ஒரு கைதான் இருக்கு?"ன்னாங்க. இவ கண்ணைச் சிமிட்டாம, "ஓனிச்சாவுல இப்ப இதான் புதுசு"ன்னா. இப்போ ஊர்ல மூணு பொண்ணுங்க ஒத்தைக் கைச் சட்டை போட்டுக்கிட்டுத் திரியுதுங்க. நெசமாவே அங்க அப்படிப் போடுறாங்களான்னு நீ பாத்துச் சொல்லு.

சரி. விஷயம். சொல்ல வாய் வரல, அதான் ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

ஓஃபோக்கோல் கிடைச்சுடுச்சு தங்கச்சி.

"அது என்ன கோல்?"னு ஃபெலீசியா கேக்குறா. உனக்குத் தெரிஞ்ச கதைதான், இவளுக்காகச் சொல்றேன், கேட்டுக்கிட்டே எழுதட்டும். ஓஃபோன்னா எங்க பங்காளிக் கூட்டத்து நியாயக்கோல். கூட்டத்துல யார் மூத்தவனோ அவன் கையில இருக்கும். அதைத் தரையில தட்டிச் சொன்னாத்தான் சொன்ன சொல்லு சொல்லு. எங்கப்பன் செத்ததும் அது எனக்கு வந்துச்சு. ஒனுவோராவும் நானும் ஒரே மாசத்துல பொறந்தவங்க. யார் மூத்தவன்னு சொல்ல எங்க அம்மாக்களும் உசிரோட இல்ல. அவன் கள்ளு குடிக்கிறப்ப எல்லாம், "அந்தக் கோல் எனக்கு வரவேண்டியதுடா, நீ வெளிய வர்றப்ப நான் வழி விட்டுட்டேன்"னு சொல்லிச் சிரிப்பான். ஊரே சிரிக்கும். அம்பத்தேழாம் வருஷம் கிழங்கு அறுப்பு விருந்து என் வீட்ல. மறுநாள் கோலைக் காணோம். கடைசியா கூட இருந்து பாத்திரம் எடுத்து வச்சவன் அவன். உடனே ஊருக்கு அவன் சொன்ன கேலி ஞாபகம் வந்துச்சு. எனக்கும் வந்துச்சு, நானும் அவன்தான்னு சொன்னேன்.

அவன் உதாலா மரத்தடி ஓடைத் தெய்வத்துத் தண்ணியைக் குடிச்சுச் சத்தியம் பண்ணினான். ஒரு வருஷம் உசிரோட இருந்தா குத்தமில்லாதவன். ஒம்பதாம் மாசம் வயிறு வீங்கிச் செத்தான். தெய்வம் பிடிச்சவனுக்கு அழக் கூடாது, வீட்ல புதைக்கக் கூடாது. கெட்ட காட்டுல கொண்டு போட்டாங்க. வீட்ல இருந்த கதவு, ஆடு, பானை எல்லாம் தெய்வத்துக்குன்னு பூசாரி ஏசேனு ஆளுங்க தூக்கிட்டுப் போனாங்க. ஃபெலீசியா எழுதுறதை நிறுத்திட்டா. எழுது தாயி.

போன வாரம் கிழங்குக் கொட்டாயைப் பிரிச்சு புதுக் கம்பு நட்டேன். எங்கப்பன் நட்ட வரிசையை மட்டும் எங்கப்பன் ஞாபகமா தொடாம விட்டிருந்தேன். அந்தக் கம்பெல்லாம் வேர் பிடிச்சு, துளிர்த்து, ஒரே தழை. தழையை வெட்டுறேன், உள்ள உச்சியில ஓலைநார்ல கட்டி, ஓஃபோ. விருந்தன்னைக்குத் திடீர்னு மழை வந்துச்சே, நனையக் கூடாது, குடிகாரங்க கை படக் கூடாதுன்னு எவனோ பத்திரமா மேல ஏத்திக் கட்டியிருக்கான். முடிச்சைப் பாத்தேன். ஊர்ல இடது கையால முடிச்சுப் போடுறவன் ஒருத்தன்தான். அதுக்காகவே எங்கப்பன்கிட்ட அடி வாங்கினவன். நான்தான் கட்டியிருக்கேன். குடிச்சிருந்தேன். மறந்துட்டேன்.

குத்தமில்லாதவனைத் தெய்வம் கொன்னுடுச்சு தங்கச்சி. தப்பு பண்ணின எனக்கு அந்த வருஷம் கிழங்கு தொடை தொடையா விளைஞ்சுது. இதுவா நியாயம்? நான் சும்மா விடமாட்டேன். தெய்வத்தையே ஊர்க்கூட்டத்துல நிறுத்தப் போறேன். தெய்வம் தப்பு பண்ணிடுச்சுன்னு ஊர் சொன்னாத்தான் ஒனுவோராவோட எலும்பைக் காட்டுல இருந்து எடுத்து அவன் வாசல்ல புதைக்க முடியும். ஆனா பிராது வைக்க நான் ஆளில்ல. பொண்டாட்டி வைக்கணும், இல்ல புள்ளை. புள்ளைங்க சின்னது. விதைப்பு தொடங்கிட்டா அறுப்பு வரைக்கும் கூட்டம் கிடையாது. முதல் மழைக்குள்ள நீ வரணும்.

இப்படிக்கு,
அகூனே
(பெருவிரல் ரேகை)


ஓனிச்சா,
20 பிப்ரவரி 1961

அகூனே அண்ணனுக்கு நுவமாகா எழுதியது.

கடுதாசி கிடைச்சுது. புள்ளைங்க சொகம். மூணாம் வகுப்பு எழுத்துதான், என் கையாலயே எழுதுறேன், பிழை இருந்தா ஃபெலீசியா மன்னிக்கணும். இங்க யாரும் ஒத்தைக் கைச் சட்டை போடல. ஆட்டைப் பத்திப் படிச்சிட்டுச் சிரிச்சுட்டேன். பக்கத்துக் கடைக்காரி திரும்பிப் பாத்தா. அப்புறம் மீதியைப் படிச்சுட்டு அடுப்பை அணைச்சுட்டேன்.

கோல் கிடைச்சது உங்களுக்குப் புதுச் சேதி. எனக்கு இல்ல. எடுக்காதவர் எடுக்கலேன்னு இப்ப நிரூபணம் ஆயிடுச்சு, அவ்வளவுதான்.

அவர் படுத்திருந்த கடைசி பன்னெண்டு நாள்ல நீங்க ஒரு தடவை வந்தீங்க. வேலிக்கு வெளியில நின்னீங்க. நான் பாத்தேன். "அகூனே வர்றான், பாயைத் தட்டிப் போடு"ன்னு அவர் உள்ள இருந்து சொன்னார். உங்க செருமல் அவருக்கு அவ்வளவு நல்லாத் தெரியும். பாயைப் போட்டுட்டு வெளிய வந்து பாத்தா உங்களைக் காணோம். "ஆள் யாருமில்ல, காத்து"ன்னு சொன்னேன். அவர் நம்பல.

தெய்வத்து மேல பிராது வைக்கச் சொல்றீங்க. எனக்கு வடை சுடுற வேலை இருக்கு.

நுவமாகா


உமுவேனா,
3 மார்ச் 1961

தங்கச்சி நுவமாகாவுக்கு அகூனே எழுதிக்கிறது.

பாய் போட்ட சேதியை ஃபெலீசியா படிச்சுக் காட்டினா. நான் எழுந்து போயிட்டேன். மூணு நாள் கழிச்சுத்தான் திரும்ப இவ கடைப் படி ஏறினேன்.

வேலியில நின்னது நெசம். தெய்வம் கை வச்சவனைத் தொட்டா என் புள்ளைங்களுக்கும் வீங்கும்னு சொன்னாங்க. பயந்தேன். உள்ள என் சேக்காளி கிடக்குறான், நான் உன் வீட்டு வேலிக்குச்சியை எண்ணிக்கிட்டு நிக்கிறேன். இதெல்லாம் தெய்வத்தால வந்ததுதானே? அதனாலதான் சொல்றேன், அதை விடக் கூடாது.

நேத்து பெரியவங்க கூடிப் பேசினோம். வழக்கு இல்ல, வழக்கு எடுக்கலாமான்னு பேச்சு. பூசாரி ஏசேனு முகத்துல சுண்ணாம்பு அப்பிக்கிட்டு வந்து உக்காந்தார். "தெய்வம் செய்யிறதுதான்டா நியாயம். உன் நியாயத்தை வச்சு அதை அளக்க நீ யாரு?"ன்னார்.

நம்ம கூட்டத்துக் கிழவி ஓயிரி இருக்காளே, அவ பொடி போட்டுக்கிட்டே, "அப்போ என் ஆடு உன் சேப்பங்கொல்லையில மேஞ்சா, ஆடு செய்யிறதுதான் நியாயம்னு நான் சொல்லிக்கலாமா?"ன்னா.

"ஆடும் தெய்வமும் ஒண்ணா?"

"நீ சொல்ற கணக்குல வித்தியாசம் தெரியலையே. ரெண்டுமே கேக்காம திங்குது."

எல்லாரும் சிரிச்சுட்டாங்க. பூசாரிக்குக் காது மடல் துடிக்குது. "ஒனுவோரா கோலை எடுக்கல, சரி. வேற ஏதாவது பாவம் பண்ணியிருப்பான். அது நமக்குத் தெரியுமா?"ன்னார்.

"என்ன பாவம்? பேரைச் சொல்லு. சொல்லாம விட்டா, நாளைக்கு உன் கூரை எரிஞ்சா நானும் இதையேதான் சொல்லுவேன்"னா கிழவி.

அப்புறம் நான் எந்திரிச்சேன். எனக்கு இவ்வளவு பேச்சு வரும்னு எனக்கே தெரியாது. "இந்தத் தெய்வம் தானா வரல. நம்ம தாத்தன்மார் ஓயாத சண்டையைத் தீக்கிறதுக்காக மூணு நாள் நடந்து போய்ப் பானையில தூக்கிக்கிட்டு வந்து வச்சாங்க. எதுக்கு வச்சாங்க? திருடனைப் பிடி, நல்லவனை விடுன்னு. அப்போ எது நல்லது, எது கெட்டதுன்னு அவங்களுக்கு அதுக்கு முன்னமே தெரியும்ல? தெரிஞ்சதுனாலதானே அதுக்கு அந்த வேலையைக் குடுத்தாங்க? குடுத்த வேலையைத் தப்பாச் செஞ்சா கேக்க வேணாமா?"ன்னேன். "நாக்கு வீங்கும்டா"ன்னார் பூசாரி. "வீங்கட்டும், ஆனா இந்தத் தடவை சரியான ஆளுக்கு வீங்கட்டும்"னேன்.

வழக்கு எடுக்கலாம்னு முடிவாயிடுச்சு. இருபத்தஞ்சாம் தேதி கூட்டம். உன் வார்த்தை மட்டும்தான் பாக்கி. வர முடியலேன்னா எழுதி அனுப்பு, ஃபெலீசியா கூட்டத்துல படிப்பா, அது செல்லும்னு சொல்லிட்டாங்க. எனக்காக வேணாம். அவன் இன்னும் காட்டுல கிடக்குறான் தங்கச்சி.

அகூனே
(பெருவிரல் ரேகை)


ஓனிச்சா,
13 மார்ச் 1961

முதல் தாள். ஊர்க்கூட்டத்துல படிக்க.

உமுவேனாப் பெரியவங்களுக்கு, ஒனுவோரா மனைவி நுவமாகா வைக்கிற பிராது. என் புருஷன் ஓஃபோக்கோலை எடுக்கல. எடுக்கலேன்னு ஓடைத் தெய்வத்துத் தண்ணியைக் குடிச்சார். அவர் செத்ததும் தெய்வம் கொன்னதாச் சொல்லி அவரைக் காட்டுல போட்டு, எங்க வீட்டைக் காலி பண்ணினீங்க. இப்போ கோல் கிடைச்சிருக்கு. தெய்வம் கொன்னது நியாயமா? விசாரிச்சுச் சொல்லுங்க.


ரெண்டாம் தாள். அகூனே அண்ணனுக்கு மட்டும்.

நீங்க கூட்டத்துல பேசினது நல்லாப் பேசினீங்க. எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

எங்க மாமனார் எப்படிச் செத்தார்? அவரும் வயிறு பானையாட்டம் வீங்கித்தான் செத்தார். அவர் எந்தத் தண்ணியையும் குடிச்சுச் சத்தியம் பண்ணல. அவரைக் கதவுப் பலகையில படுக்க வச்சு நீங்களும் உங்க சேக்காளியும் மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனீங்க. கம்பவுண்டர் வயித்தைத் தட்டிப் பாத்துட்டு, ஈரல் கெட்டுடுச்சு, இது இந்தக் குடும்பத்துல மகனுக்கும் வரலாம், பாத்துக்கங்கன்னு சொன்னார். இதை எனக்கு வந்து சொன்னது யாரு? நீங்கதான். என் அடுப்படியில உக்காந்து, "தங்கச்சி, அவனைக் கள்ளைக் குறைக்கச் சொல்லு"ன்னீங்க.

கிழவரை ஊர் மறந்துடுச்சு. வயசானவர் செத்தார்னு விட்டுடுச்சு. நீங்க மறந்திருக்க மாட்டீங்க. என் புருஷன் வயிறு வீங்குதுன்னு ஊர் பேசினப்ப, "இது அவங்கப்பன் சீக்கு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லல. தெய்வம் உங்க பக்கம் பேசுச்சு, நீங்க கேட்டுக்கிட்டு இருந்தீங்க.

தாகம்னு கிடக்கிறவனுக்குத் தண்ணி குடுக்கணும்னு எந்தத் தெய்வம் வந்து சொல்லணும் அண்ணே? வேணாம்னு ஒரு தெய்வம் சொன்னா, அப்ப குடுக்கிறது தப்பாயிடுமா? நாப்பது வருஷம் ஒரே சட்டியில தின்னீங்க. அவர் யாருன்னு ஒரு ஓடைகிட்டப் போய்க் கேட்டீங்க.

முதல் தாள் போதும். அதை மட்டும் படிச்சா தெய்வம் தோத்துடும், அவரும் வாசலுக்கு வந்துடுவார், கோலும் உங்க கையிலயே இருக்கும். இந்த ரெண்டாம் தாளை நீங்க கிழிச்சுப் போட்டா கேக்க ஆளில்ல. நான் அங்க இல்ல. பாத்துக்கிட்டு இருந்த தெய்வத்தையும் நீங்க துரத்தப் போறீங்க.

நுவமாகா


உமுவேனா,
29 மார்ச் 1961

தங்கச்சி நுவமாகாவுக்கு,

இந்தத் தடவை ஆட்டுக் கதை இல்ல.

உன் ரெண்டாம் தாளை ஃபெலீசியா எனக்குப் படிச்சா. முடிச்சிட்டு மடிச்சு மெஷின் மேல வச்சா. "இது நெசமா?"ன்னா. ஆமான்னேன். என் வாயால ஒருத்தர்கிட்ட நான் ஒத்துக்கிட்டது அதுதான் முதல். அவ ஒரு சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆரம்பிச்சா. நான் நாலு நாள் உன் மேல கோபமா இருந்தேன். நல்லா நடந்துக்கிட்டு இருந்த வழக்குல இவ எதுக்கு இதைக் கிளப்புறான்னு. அந்தக் கோபம் எதுனால வந்துச்சுன்னு யோசிச்சப்பதான் எனக்கு அசிங்கமா இருந்துச்சு.

நான் தெய்வத்து மேல பாஞ்சது ஒனுவோராவுக்காகன்னு நெனைச்சேன். எனக்காகத்தான். அது குத்தவாளி ஆயிட்டா நான் ஏமாந்தவன் மட்டும்தானே.

இருபத்தஞ்சாம் தேதி கூட்டம். முதல் தாளைப் படிச்சா. எல்லாரும் தலையாட்டினாங்க. பூசாரிக்கு வேர்த்துச்சு. தீர்ப்பு சொல்லப் போற நேரம். "இன்னொரு தாள் இருக்கு, படி"ன்னேன். ஃபெலீசியா என் முகத்தையே பாத்தா. "படி தாயி"ன்னேன்.

படிச்சு முடிச்சதும் நான் எந்திரிச்சேன். "அவ எழுதினது சரிதான். அது அவங்கப்பன் சீக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். அவன் எடுத்திருக்க மாட்டான்னும் உள்ளுக்குள்ள தெரியும். தெய்வமே சொல்லிடுச்சுன்னா நான் சொன்ன பழி பொய்யில்லேன்னு ஆகுமே, அதுக்காக"ன்னேன். இவ்வளவுதான் பேசினேன். நிறைய பேசுறவன் நான்.

பூசாரி குதிச்சு எந்திரிச்சார். "கேட்டுக்கங்க! என் தெய்வம் யாரையும் கொல்லல! சீக்குல செத்தான்! தெய்வம் சுத்தம்!"

ஓயிரிக் கிழவி, "அப்படியா? கொல்லலேன்னா அவன் ஆட்டை எதுக்குய்யா தின்னீங்க?"ன்னா.

பூசாரி உக்காந்துட்டார்.

தீர்ப்பு என்னன்னா, செய்யாத வேலைக்கு அது கூலி வாங்கியிருக்கு, இனிமே அதுக்கு இங்க இடமில்ல. மறுநாளே பானையைக் கொண்டுபோய் ஓடைக்கு அந்தக் கரையில வச்சுட்டு, திரும்பிப் பாக்காம வந்துட்டாங்க. ஒனுவோரா யார் சாபத்துலயும் சாகல, அவனை வீட்டுக்குக் கொண்டு வரலாம்னும் சொல்லிட்டாங்க. உன் வீட்டை பூசாரி ஆளுங்களே கட்டிக் குடுக்கணும்.

எனக்கும் தீர்ப்பு சொன்னாங்க. கோலை வாங்கிக்கிட்டாங்க. இந்த அறுப்பும் அடுத்த அறுப்பும் போற வரைக்கும் எவனும் எனக்கு நெருப்பு தர மாட்டான், விருந்துக்கு வந்து என்கூட கோலாக்கொட்டை உடைச்சுத் திங்க மாட்டான், கும்பிட்டா பதில் சொல்ல மாட்டான். சரியான தீர்ப்புதான். ஃபெலீசியா வெளியூர்க்காரிங்கிறதால அவ மட்டும் பேசுறா.

காட்டுக்குள்ள வர ஆளுங்க பயந்தாங்க. பழைய பயம் ஒரு நாள்ல போகுமா? நான் மட்டும் போனேன். வேலி இல்ல, நடுவுல ஒண்ணும் இல்ல. அவன் கால் எலும்பை எனக்கு அடையாளம் தெரிஞ்சுது, சின்ன வயசுல பனையில இருந்து விழுந்து ஒட்டின இடம். எல்லாத்தையும் எடுத்துக் கழுவி, புதுத் துணியில சுத்தி உன் வாசல்ல ஓலைப் பந்தல் போட்டு வச்சிருக்கேன். போட்டு வச்சுட்டு அவன்கிட்ட கொஞ்ச நேரம் பேசினேன். என்ன பேசினேன்னு எழுத வேணாம்னு ஃபெலீசியாகிட்ட சொல்லிட்டேன்.

நீ வந்தாத்தான் மண்ணு போட முடியும். வா.

அகூனே
(பெருவிரல் ரேகை)


ஓனிச்சா,
23 ஏப்ரல் 1961

அகூனே அண்ணனுக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தோம். லாரியில சின்னவளுக்கு வாந்தி, இப்ப சொகம்.

அடக்கத்தன்னைக்கு உங்ககூட ஒரு வார்த்தை பேசாம வந்துட்டேன். ஊர்த் தீர்ப்புக்குப் பயந்துன்னு நெனைச்சிருப்பீங்க. அதில்ல. எனக்குப் பேச முகம் இல்ல.

நீங்க ரெண்டாம் தாளைக் கிழிச்சுடுவீங்கன்னு நெனைச்சுத்தான் எழுதினேன். நெசத்தைச் சொல்லணும்ல? கிழிச்சிருந்தா உங்களைச் சாகிற வரைக்கும் வெறுத்துக்கிட்டு நான் நிம்மதியா இருந்திருப்பேன். நீங்க படிக்கச் சொல்லிட்டீங்க. இப்ப எனக்கு வெறுக்கவும் ஆளில்ல.

ஒண்ணு சொல்றேன். இதைச் சொல்ல எனக்கு ஊர்க்கூட்டம் கிடையாது, உங்ககிட்டதான் சொல்லணும். ஃபெலீசியா படிக்கட்டும், பரவாயில்ல.

நாப்பது வருஷம் பழகினவர் ஓடைகிட்டப் போய்க் கேட்டார்னு உங்களை ஏசினேன். என் புருஷன் வீங்க ஆரம்பிச்சு ரெண்டாம் மாசம். மாமனார் சீக்கு எனக்கும் தெரியும். கம்பவுண்டர் சொன்னதும் தெரியும். தெரிஞ்சும் ஒரு நாள் மத்தியானம், கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கிறப்ப, கரண்டியைக் கீழ வச்சுட்டுக் கேட்டேன். "என்கிட்டயாவது சொல்லுங்க. எடுத்தீங்களா?"

அவர் கோபப்படல. என்னைப் பாத்தார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் ஏழு வாரம் உசிரோட இருந்தார். தண்ணி கேட்டார், புள்ளைங்களைக் கேட்டார், உங்களைக் கேட்டார். நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லல.

உங்களுக்குத் தீர்ப்பு சொல்ல ஊர் இருந்துச்சு. ரெண்டு அறுப்புல அது முடிஞ்சுடும்.

இதுக்குப் பதில் எழுத வேணாம் அண்ணே. பதில் சொல்ல வேண்டியவர் சொல்லாமலே போயிட்டார்.

இப்படிக்கு,
ஒனுவோரா மனைவி நுவமாகா